இரண்டு முகவரிச் சமையலறை

தொலைபேசி நிறுவனத்தின் புதிய நெட்வொர்க் நிரல் ஓடத் தொடங்கிய வாரத்தில், அதை எழுதியவருடைய சமையலறை இன்னொரு வீட்டுக்கும் சமையலறை ஆனது. அடுப்பு அதே அடுப்பு, குழாய் அதே குழாய். காலண்டர் தொங்கிய சுவரில் மட்டும் புதிதாக ஒரு கதவு. அந்தக் கதவைத் திறந்துகொண்டு, நகரத்தின் மறுகோடியில் தனியாகக் குடியிருந்த, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பால் பாத்திரத்தோடு வந்து, "அடுப்பு காலியா?" என்று கேட்டாள். காலிதான் என்றாள் அவர் மனைவி. அவ்வளவுதான் நடந்தது. கட்டடத்தில் யாரும் மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை; லிஃப்ட் ஓடாததே அந்த மாதம் எல்லோருக்கும் பெரிய தலைவலியாக இருந்தது. காஸ் செலவை இரண்டு வீட்டாரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள்.

காரணம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கட்டடத்தில் அவருக்கு டிரைவர் சார் என்று பெயர். கணினிக்கு டிரைவர் என்கிற நிரல் எழுதுகிறார் என்று மனைவி ஒருநாள் பெருமையாகச் சொல்லப்போக, ஸ்டேஷனில் கொண்டுபோய் விடச் சொல்லி ஆளாளுக்கு வந்து நின்றார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்து, கடைசியில் ஒரு பழைய காரை வாங்கிப்போட்டு, கேட்டவர்களைக் கொண்டுபோய் விட்டும் வந்தார். அவருடைய நிஜமான வேலை வேறு. ஒரே பெரிய கணினிக்குள் பல மெய்நிகர்க் கணினிகள் குடித்தனம் நடத்தும். அங்கிருந்து தகவல் வெளியே போக வேண்டுமென்றால் அதை நகல் எடுத்து அனுப்புவார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். அவருடைய நிரல் நகலே எடுக்காது. தகவல் இருக்கும் நினைவகப் பக்கத்தையே எதிர்முனைக்கும் திறந்து விட்டுவிடும். பக்கம் ஒன்று, முகவரி இரண்டு. இதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. முடித்துவிட்டேன் என்று எதிர்முனை சொல்லும்வரை திறந்ததை மூடக் கூடாது, அந்தப் பக்கத்தில் வேறெதையும் எழுதவும் கூடாது.

சோதித்துப் பார்த்தபோது அந்தப் பதில் வர நேரமானது. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று மேலாளர் உயிரை எடுத்தார். இந்நேரம் முடித்திருப்பார்கள் என்று இவராகவே வைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கும் வரியை நீக்கிவிட்டார். நிரல் பறந்தது. கைதட்டினார்கள், பதவி உயர்வு கொடுத்தார்கள். ஒருவர் பேசியதற்குள் இன்னொருவர் பேச்சு புகுந்துவிடுகிறது என்று சில புகார்கள் வந்தன. லைன் கோளாறு என்றார் மேலாளர். இவரும் அதற்கே தலையாட்டினார். சமையலறையில் கதவு முளைத்தபோதே அது மூடாமல் விட்ட தன் வேலைதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் கதவால் அந்த வீட்டுக்கு நல்லதுதான் நடந்தது. பேச்சுத்துணை இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கூடப்பிறவாத அக்கா ஒருத்தி கிடைத்தாள். இருவரும் வெங்காயம் உரித்தபடி ஊர்வம்பு அளந்தார்கள், கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார்கள், மறுவேளையே ஒட்டிக்கொண்டார்கள். கண்ணாடிக்கடை அக்காவுக்கு டிரைவர் சார் மேல் தனிப் பாசம். "உன் வீட்டுக்காரர் குரல்ல என் தம்பி சாயல் அப்படியே இருக்குடி" என்பாள். அவரைத் தம்பி என்றே கூப்பிட்டாள். நாகரிகம் தெரிந்தவள், சமையலறையைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குள் ஒருநாளும் காலெடுத்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பிப் போய், களைத்துத் திரும்புவாள். இப்படியே சில வருடங்கள் ஓடின.

ஒரு ஞாயிறு மாலை கையில் மாவுக்கட்டோடு வந்தாள். யார் வீட்டு கேட்டையோ எட்டிப் பார்க்கப்போய், காவல்காரன் பிடித்துத் தள்ளிவிட்டான். இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று மனைவி கத்தியபோதுதான் அக்கா கைபேசியை எடுத்துப் போட்டுக் காட்டினாள். ஆபரேஷனுக்கு உள்ளே போகுமுன் தம்பி அனுப்பிய குரல்; அவன் திரும்பி வரவில்லை. "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன்." ஒரு கரகரப்பு. பிறகு, "நீலக் கேட். உள்ள வந்தா இடது பக்கம், படிக்கட்டுக்குக் கீழ." பாவம், மூச்சு வாங்கியதில் குரல் மாறிவிட்டது என்றாள். அதனால்தான் ஞாயிறுதோறும் தெருத்தெருவாக நீலக் கேட் தேடுகிறாள்.

அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்த டிரைவர் சாருக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது குரல் அவருடையது. நிரல் முதன்முதலாக ஓடிய நாளில், புது மெத்தை கொண்டுவந்தவனுக்கு வழி சொல்லி அவர் அனுப்பியது. இந்தக் கட்டடத்து கேட் அப்போது நீலம். அப்புறம் பழுப்பு அடித்துவிட்டார்கள். சொல்லாமல் இருந்தால் அவள் சாகும்வரை தேடுவாள். சொன்னால் மனைவிக்கு அக்கா இல்லை. பாவி, இதைச் சொல்லவா வேண்டாமா என்றுகூட யோசித்தாயே என்று தன்னையே வைதுகொண்டார். பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காத்திருக்க வேண்டியதையும், காத்திருக்காததையும்.

"அப்போ என் தம்பி சொன்னது எங்க?"

"இல்லக்கா. அவர் பேசின இடத்துலயே நான் பேசினது விழுந்துடுச்சு. அழிஞ்சு போச்சு. இனி எங்கேயும் கிடைக்காது."

"அடப்பாவி" என்றாள் அக்கா. அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். மனைவி சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அலுவலகத்தில், நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்து, செய்த தப்பையும் ஒப்புக்கொண்டார். நிரல் ஆமையாகிவிட்டது என்று மேலாளர் குதித்தார், கொடுத்த பதவி உயர்வு போயிற்று. திறப்பையெல்லாம் ஒழுங்காக மூடியாயிற்று, இனிச் சுவர் சுவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மனைவிக்கு என்ன சமாதானம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தார்.

கதவு இருந்தது. அக்கா ஒற்றைக் கையால் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் அழுது வீங்கிய முகத்தோடு நின்றாள்.

"அந்தப் பக்கத்து ஆளு முடிச்சேன்னு சொன்னாத்தானே மூடணும்? நான் இன்னும் சொல்லல" என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "இப்படி வந்து நில்லு. அவன் ஆரம்பிச்ச மாதிரி ஆரம்பி. இந்தத் தடவை பாதியில விடாத."

அவர் நின்றார். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்தது என்றார். அந்தச் சிவப்பு சைக்கிளைத் தொலைத்தது நான்தான் என்று வாயில் வந்ததைச் சொல்லி முடித்தார். அக்கா கண்ணை மூடிக் கேட்டாள்.

"இது இல்ல. நாளைக்கு வா" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அவர் ஒன்று சொல்கிறார். மன்னிப்பு, காதல், பொய், எதையோ உடைத்தது, யாரையோ அடித்தது. அக்கா கேட்டுவிட்டு இது இல்லை என்கிறாள். சிலநாள் கேட்கும்போது அழுகிறாள், ஒருநாள் சிரித்தும் விட்டாள். ஆனாலும் இது இல்லை. அவருக்குத் தலை நரைத்துவிட்டது. மனைவி மூன்று டம்ளர் தேநீர் ஊற்றுகிறாள், குடித்துவிட்டு அவரவர் கதவு வழியாக அவரவர் வேலைக்குப் போகிறார்கள்.