சைலஸுக்கு நான்கு தோள்கள்

சமையலறைக் கதவின் கடைசித் திருகாணி துருவேறி இறுகிக் கிடந்தது. லவீனியா கத்தி முனையை அதில் வைத்து இரண்டு கையாலும் திருகினாள். கதவு பெயர்ந்து அவள் தோளில் சாய்ந்தது. நீளம் போதும். அப்பா நெட்டையான மனிதர். சவப்பெட்டி செய்யத் தச்சனும் இல்லை, பலகை விற்கக் கடையும் இல்லை, கூரமின் என்ற அந்த ஊரில்.

அப்பா சைலஸ் பென்ரோஸின் உயிர் விடியற்காலையில் பிரிந்திருந்தது. பிப்ரவரி அங்கே கோடை; அந்த வெயிலில் உடலை மதியத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வழக்கம்போலக் கீரை கொண்டுவந்த தோட்டக்காரர் லீ யூன் கட்டிலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், மண்வெட்டியோடு கல்லறைத் திடலுக்குப் போய்விட்டார். குழிக்கு ஆள் ஆயிற்று. தூக்கத்தான் ஆள் இல்லை.

தங்கம் கிடைத்த நாளில் நாலாயிரம் பேர் இருந்த ஊர். தங்கம் வற்றியபோது, ரயில் வந்தால் ஊர் பிழைத்துக்கொள்ளும் என்று சைலஸ் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். பெர்த்தில் இருந்த அரசாங்கத்துக்கு மனு மேல் மனு எழுதினார். அந்தப் பேச்சை நம்பித்தான் டூலன் கல்லால் இரண்டு மாடி ஓட்டல் கட்டினார். ரயில் பாதையோ பதினான்கு மைல் தள்ளி மெர்டன் என்ற ஊருக்குப் போயிற்று. ஜனங்கள் கூரைத் தகரத்தையும் ஜன்னலையும் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு அதன் பின்னாலேயே போனார்கள். கல் கட்டடத்தை யார் ஏற்றிப் போவது? டூலன் தங்கிவிட்டார். எட்டு வருடமாக சைலஸின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

லவீனியா ஓட்டலுக்குப் போனபோது அவர் யாரும் குடிக்காத கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா போயிட்டாரு, மிஸ்டர் டூலன்."

அவர் கை நின்றது. உள்ளேயிருந்து அவர் மனைவி நோரா எட்டிப் பார்த்து, மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"எப்ப?"

"விடியக்காலையில."

"கடைசியில எதாச்சும் சொன்னானா?"

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அப்பா அவரை நினைத்துக்கொண்டார் என்று அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல. ரயில் சத்தம் கேக்குதா லவீனியான்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

"நீ என்ன சொன்ன?"

"கேக்குதுப்பான்னேன்."

டூலன் துணியை நான்காக மடித்தார். பிறகு பிரித்து மறுபடி மடித்தார்.

"எத்தன பேர் இருக்கீங்க?"

"நானும் லீ யூனும்."

"ரெண்டு பேரு எப்படித் தூக்குவீங்க? பைத்தியமா உனக்கு?" என்றவர் உள்பக்கம் திரும்பி, "நோரா, பாவாடைய இழுத்துச் செருகிக்க. நாமளும் போறோம்" என்றார். "ஆனா பொண்ணே, உங்க ஆளுங்க ஜெபத்துல நான் நிக்க மாட்டேன். நாங்க கத்தோலிக்கம். எங்க சாமியாருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாரு."

அரை மணி நேரத்தில் டூலன் ஓட்டல் மாடி அறைத் தரையிலிருந்து பெயர்த்த பலகைகளோடு வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் தங்காத ரூம்தான்" என்றார். பக்கங்களுக்கும் மூடிக்கும் அவர்தான் ஆணி அடித்தார்.

முன்னால் டூலனும் லவீனியாவும், பின்னால் லீ யூனும் நோராவும். லீ யூன் குள்ளம். உயரத்துக்காகத் தோளில் சாக்கு மடித்து வைத்திருந்தார். மூன்று இடத்தில் இறக்கி வைத்தார்கள். மூன்றாவது தடவை நோராவுக்கு மூச்சு வாங்கியது.

"செத்த பிறகும் எங்கள அலைக்கழிக்கிறாரே உங்கப்பா" என்றாள். லவீனியாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கே வெட்கப்பட்டாள்.

பாதிரியார் மெர்டனில். ஆகவே ஜெபப் புத்தகத்தை அவளே விரித்தாள். டூலன் பத்தடி தள்ளிப் போய்த் தொப்பியை மார்போடு பிடித்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாலு வரி படித்தாள். ஐந்தாவது வரியில் விரலை வைத்தபடி நின்றுவிட்டாள். ஈக்களின் சத்தம் மட்டும்.

"படிம்மா" என்றார் டூலன், திரும்பாமல். "எனக்கு இன்னும் ஒண்ணும் காதுல விழல."

அவள் உரக்கப் படித்து முடித்தாள்.

திரும்பும்போது லீ யூன் தோட்டத்துப் பாதையில் பிரிந்து போனார். நோரா முன்னாலேயே நடந்துவிட்டாள். ஓட்டல் வாசல்வரை டூலன் கூட வந்தார்.

"ஊர விட்டு எப்பக் கிளம்புற?"

"வியாழக்கிழமை. தபால் வண்டியில."

அவர் தலையாட்டினார். அவள் தெருவைக் கடந்தாள். தங்கம் கிடைத்த காலத்தில் இருபது ஒட்டகங்கள் பூட்டிய சரக்கு வண்டி ஒரே வீச்சில் திரும்பும்படி அகலமாகப் போட்ட தெரு அது. நடுவே வந்தபோது பின்னாலிருந்து அவர் ஏதோ சத்தமாகச் சொன்னார். காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோயிற்று.

"என்ன?" என்று கத்தினாள்.

டூலன் கையை வாயருகே கொண்டுபோனார். பிறகு இறக்கிவிட்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் அசைத்தார்.