தொடக்கூடாத இடங்கள்

நாத்தனார் கதவைத் திறந்தபோது அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"வாங்க அண்ணி. வழி தெரிஞ்சுதா?"

"வழியெல்லாம் தெரியும். கால்தான் வரல."

"இப்ப வந்துடுச்சாக்கும்."

நாத்தனார் சிரித்தபடியே நாற்காலியில் கிடந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இவள் வேலை கேட்டு வந்தபோது, அனுபவம் பத்தாது என்று திருப்பி அனுப்பியது அண்ணிதான். இன்று அந்த அண்ணியின் பைக்குள் அவள் கம்பெனி செய்த டேப்லெட் கணினி இருந்தது. மென்பொருள் எழுதி நன்றாகத்தான் பிழைத்துக்கொண்டிருந்தது அவள் கம்பெனி. சொந்தமாக டேப்லெட் செய்ய இறங்கிய நாளிலிருந்து மூச்சுத் திணறல். பெரிய கம்பெனிக்காரர்களுடையதுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் ஏறெடுத்துக்கூடப் பார்ப்பதில்லை. மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆஸ்பத்திரி. நர்சுகள் மருந்து குறித்துவைக்கும் செயலி இதில் ஓடுமானால் வாங்கிக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள். அந்தச் செயலியை எழுதியவள் நாத்தனார்; அவள் மாற்றிக் கொடுத்தால்தான் இதில் ஓடும். இன்று புதன்.

"கால்ல விழுந்தாவது சம்மதம் வாங்கிட்டு வாங்கக்கா," என்று காலையில் ஆபீஸில் ஒருவன் சொன்னான். இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

அவள் டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். படம், கடிதம், பாட்டு. தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் கால் படாமல் நடக்கிறவள் மாதிரி, திரையில் சில இடங்களை விரல் தாண்டித் தாண்டிப் போனது. ஆறு மாதப் பழக்கம். இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு. குடுங்க, நான் பாக்கறேன்."

"நானே காட்டறேனே."

"ஏன், நான் தொட்டா ஒட்டிக்குமா?"

அவள் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, என் ஆப்ப பாத்துத்தான் நர்சு மருந்து குடுக்கறாங்க. பாதியில நின்னுச்சுன்னா, மருந்து சாப்பிட்டவனுக்கே திரும்பக் குடுப்பாங்க. வெளையாட்டு இல்ல."

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கீழ் மூலையத் தொடாத," என்றாள். "தொட்டா நின்னுடும்."

நாத்தனார் மேஜையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தாள். "அப்புறம்?"

"படம் ஓடறப்போ திருப்பக் கூடாது."

"அப்புறம்?"

"சூடாச்சுன்னா, ஒரு தடவை தட்டினது ரெண்டு தடவையா விழும்."

பென்சில் நின்றது. பிறகு அதையும் எழுதியது.

ஆறு மாதமாக ஆபீஸில்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. தேதி பின்னால் போவது, எழுதியதை மறப்பது, தானே அணைந்துபோவது. நடுவில் ஒரு தரம், "செய்வியா, மாட்டியா? அத மட்டும் சொல்லிடேன்," என்றாள்.

"மொதல்ல முழுசா சொல்லி முடிங்க."

கோபமா, கணக்குத் தீர்க்கிறாளா, வேலைதான் பார்க்கிறாளா? குனிந்த தலையின் வகிடு மட்டும்தான் தெரிந்தது. தாள் நிரம்பிவிட்டது. நாத்தனார் அதைப் புரட்டி, முழங்கால்மேல் வைத்து, வெற்றுப் பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுக் காத்திருந்தாள்.