பார்வைக்குத் தடையாக இருந்த நாணல்

ஏரி நண்பர்கள் சங்கத்தின் செயலாளர், உலக நன்மையை முன்னிட்டு, வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரியைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தி வைக்க இசைந்துள்ளார் என்று குடியிருப்பின் எல்லா வாசலிலும் தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவரும் அவர்தான். லிஃப்ட் நின்றாலும் தாள், லிஃப்ட் ஓடினாலும் தாள். அதனால் அவருக்கு 'அறிக்கை' என்றே பெயர்.

விழாவின் இரண்டாவது நிகழ்ச்சி, செயலாளரின் மனைவி நீர்க்கோழிக் கூடுகளைக் காட்டுவது. சங்கத்தில் பறவையைப் பார்த்திருந்த ஒரே ஆள் அவள்தான். மூன்று மாதமாக விடிந்ததும் கரையில் உட்கார்ந்து, நாணலுக்குள் இருந்த கூடுகளை எண்ணி நோட்டில் குறித்துவந்தாள். தங்கை வீட்டுக்கு நாலு நாள் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "கரைப்பக்கம் யாரையும் விடாதீங்க. முட்டை பொரிக்கிற நேரம்."

அவரும் விடவில்லை. 'கரைக்கு வராதீர்' என்று தாள் ஒட்டினார். சனிக்கிழமை காலை நாற்காலிகளைப் போட்டு, முதல் வரிசையில் சிறப்பு விருந்தினரின் நாற்காலியில் தாமே உட்கார்ந்து பார்த்தபோதுதான் விபரீதம் புரிந்தது. நாணல் மறைக்கிறது, ஒரு கூடும் தெரியவில்லை. அழைப்பிதழில் அச்சடித்தாயிற்று.

தோட்டக்காரர் அரிவாளோடு தயங்கி நின்றார். "உள்ள கூடு இருக்கு சார்."

"கூட்டத் தொடாதப்பா. நாணல மட்டும் எடு."

"நாணல்லதானே சார் கட்டியிருக்கு?"

"சொன்னதச் செய்."

சொன்னபடியே செய்தார். ஒரு கூட்டையும் யாரும் தொடவில்லை. பிடிமானம் போனதும் அவை தாமாகவே சரிந்து மிதந்தன. மாலையில் பார்வையிடப் போனவர் மிதந்த கூடுகளின் மேல் காக்கைகளைப் பார்த்தார். மனைவிக்குச் சொல்லப் போனை எடுத்தார். எதற்கும் வாசகம் வைத்திருக்கும் மனிதருக்கு இதற்கு ஒரு வரி வரவில்லை. போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பையோடு நேரே கரைக்கு வந்தாள். வெட்டவெளியான தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாள்.

"யாரு வெட்டினது?"

சங்கத்தின் தீர்மானம் என்று நாக்கு நுனி வரை வந்தது. "நான்தான். எல்லாருக்கும் தெரியட்டுமேன்னு..."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே காட்டுங்க" என்றுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மைக் முன்னால் நோட்டைத் திறந்தார். கடைசி வரி: 'பதினேழு கூடு. இரண்டில் குஞ்சுச் சத்தம்.' சிறப்பு விருந்தினர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார்.

"பறவைகள் இந்த வருடம் சீக்கிரமே இடம்பெயர்ந்துவிட்டன" என்றார்.

கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா நாற்காலியிலிருந்தும் தண்ணீர் நன்றாகத் தெரிந்தது.