விரார் வண்டியில் நாலாவது இருக்கை

கொரோனா ஊரடங்கு தளர்ந்து மும்பை ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகும், உஜ்வலா சால்வியைச் சுற்றியிருந்த இரண்டு கை நீள இடைவெளி மட்டும் தளரவில்லை. விரார் வண்டியின் பெண்கள் பெட்டியில் ஏறுவதும் இறங்குவதும் கூட்டத்தின் காலால்தான். அந்தப் பெட்டியில் ஒரு முழு பெஞ்சில் அவள் தனியாகப் போய்வந்தாள். கிட்டே வருகிறவர்களைக் காற்றே கை வைத்து நிறுத்தியது. "மகாராணிக்குத் தனி வண்டியே விடச் சொல்லுங்க" என்றாள் வசாயில் ஏறும் ஒருத்தி. பிறகு, அந்த இடைவெளியின் ஓரத்தில் நின்றால் நன்றாகக் காற்று வருகிறது என்று தெரிந்ததும் அங்கே நிற்பதற்கே சண்டை வந்தது.

பொய் சொல்வானேன், உஜ்வலாவுக்கும் முதலில் பிடித்துத்தான் இருந்தது. ஒற்றை அறையில் மாமியார், கொழுந்தன் குடும்பம் என்று கல்யாணமான நாளிலிருந்து புரண்டு படுத்தால் யார் மேலாவது இடிக்கும். இப்போதுதான் காலை நீட்டினாள். ஆனால் அவள் புருஷன் ஸ்ரீபாத் அந்த நோயில்தான் போனான். உடலைச் சுற்றிக் கட்டி எடுத்துப் போனதைத் தூர நின்று பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் மாடிப்படியிலேயே நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். கட்டிக்கொள்ள ஆளில்லாமல் எப்படி அழுவது என்று தெரியாததால், பாவம், அவள் அழவேயில்லை. மாதம் போகப் போக இடைவெளி வளர்ந்தது. மாமியார் படுக்கையை வெளி நடைக்கு மாற்றிக்கொண்டாள். இனி இந்த ஜன்மத்தில் ஒரு கை தன்மேல் படாது என்று உஜ்வலாவுக்குத் தோன்றிவிட்டது.

மழைக்காலம் முடிந்துதான் வத்சலா கதம் சொந்த ஊரான ரத்னகிரியிலிருந்து திரும்பினாள். இருவரும் இருபது வருட வண்டிச் சிநேகிதிகள். வத்சலாவுக்கு இந்த இடைவெளி விவகாரம் எதுவும் தெரியாது. நாலாசோபாராவில் ஏறினாள், பெஞ்சைப் பார்த்தாள், என்றும் சொல்வதையே சொன்னாள்: "ஏய், கொஞ்சம் நகருடி."

மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆள் கேட்டால் நகர்ந்தே ஆக வேண்டும். அந்தத் தடத்தில் அதற்கு மேல் சட்டம் கிடையாது. மனசைக் கேட்காமலே உஜ்வலாவின் இடுப்பு ஜன்னல் பக்கம் நகர்ந்தது. இடைவெளியும் மரியாதையாக எழுந்து நின்றது. வத்சலா தன் முழு கனத்தோடு சாய்ந்து உட்கார்ந்து, பையிலிருந்து பட்டாணியை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"ஸ்ரீபாத் விஷயம் ஊர்லயே கேள்விப்பட்டேன். வண்டியே இல்லையேடி, எப்படி வருவேன்?"

பயந்தரிலிருந்து அந்தேரி வரைக்கும் உஜ்வலா அந்தத் தோளில் விழுந்து அழுதாள். "அழு, நல்லா அழு" என்றாள் வத்சலா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

இடைவெளி எங்கேயும் போய்விடவில்லை. அந்தப் பெட்டியிலேயே, கதவோர மூலையில் நிற்கிறது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள், தலைவலிக்காரி என்று யாருக்காவது தனியாக இருக்கத் தோன்றினால், இரண்டு ஸ்டேஷனுக்கு அதற்குள் நின்றுவிட்டு வருகிறார்கள். ஸ்ரீபாத்தின் வருஷ திதியன்று உஜ்வலாவும் போய் நின்றாள். போரிவலி வந்ததும், போதும் என்று பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.