பின்பக்கம் தைத்த லேபிள்

பெரியவர்கள் போட்டுக் கழித்த பேண்ட்டுகள் மேசைமேல் குவிந்து கிடந்தன. தையல்காரி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, சின்ன அளவில் வெட்டினாள். இடுப்பில் எலாஸ்டிக் கோத்து முடித்தால், பழைய துணி என்று சொன்னால்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்குக் கொடுக்க, நற்பணி மன்றம் தந்த வேலை அது.

கடைசி நாளன்று மன்றச் செயலாளர் ஒரு சுருள் லேபிளோடு வந்தார். ‘ஏழைக் குழந்தைகளுக்கு எங்கள் அன்பளிப்பு’ என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது.

“இத பின்பக்கம் தச்சிடும்மா. பளிச்சுனு தெரியணும்.”

“உள்பக்கம் தைக்கட்டுமா சார்?”

“உள்ள தச்சா எவனுக்குத் தெரியும்? போட்டோல விழ வேணாமா?”

அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனாலும் நாற்பதிலும் தைத்துக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து, மூன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள்.

“அம்மா, எங்க கிளாஸ்ல ஒருத்திக்குப் பேரே அன்பளிப்புதான்! ‘அன்பளிப்பு வருது, வழி விடுங்க’ன்னு கத்துவோம். அவ பிளேடால லேபிள அறுக்கப் போயி விரல வெட்டிக்கிட்டா. நாலு நாளா ஸ்கூலுக்கே வரல.”

“நீயுமா கத்துன?”

“எல்லாரும்தான் கத்துனாங்க. நீதானம்மா அத தச்ச?”

தையல்காரி செருப்பை மாட்டிக்கொண்டு, மகளையும் கையோடு இழுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவள் பெண்ணின் அம்மா. உள்ளே, விரலில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த சிறுமி திரும்பவேயில்லை. தலைமாட்டில் அந்த பேண்ட் கிடந்தது. லேபிள் பாதி அறுந்து, துணியும் சேர்ந்து கிழிந்திருந்தது.

“குத்தம் சொல்றேன்னு நெனைக்காதீங்கக்கா,” என்றாள் அம்மா. “கிழிஞ்சதப் போட்டுக்கிட்டுப் போனப்பகூட இவ சிரிச்சுக்கிட்டுத்தான் போனா.”

தையல்காரி அங்கேயே உட்கார்ந்து மிச்ச லேபிளைப் பிரித்தாள். அந்த வீட்டிலேயே ஊசி நூலும் ஒரு துண்டுத் துணியும் வாங்கி, கிழிசல்மேல் ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தாள். மகள் அந்தச் சிறுமியின் முதுகுக்குப் பின்னால் நின்று, “இனிமே கூப்பிட மாட்டேன்” என்று முணுமுணுத்தாள்.

மறுவாரம் செயலாளர் இன்னொரு மூட்டையோடு வந்தார். மேலே அதே லேபிள் சுருள்.

“துணிய வச்சிட்டு லேபிள எடுத்துட்டுப் போங்க சார்.”

“என்னம்மா இது, பேரு இல்லாம எவன் குடுப்பான்? உனக்கு வேண்டாம்னா வேற ஆளு இருக்கு.”

“இருக்கட்டும். நானும் தச்சவதான், பாதிப் பாவம் எனக்கும் உண்டு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: மானத்த மறைக்கத்தான் துணி. அந்த மானத்தையே எடுத்துக்கிட்டுத் துணியக் குடுத்தா, அதுக்குப் பேரு உதவி இல்ல சார்.”

செயலாளர் மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மூட்டையையும் லேபிள் சுருளையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் தடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். மற்ற முப்பத்தொன்பது வீடுகளுக்கும் போய் லேபிளைப் பிரிக்க வேண்டியிருந்தது.