நல்ல ஜாமும் நம்ம ஜாமும்

1

“சித்தப்பா, இது நல்ல ஜாமா, நம்ம ஜாமா?”

இந்தக் கதை பிறந்தது இந்தக் கேள்வியில்தான். கேட்டவள் என் அண்ணன் மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. காலையில் சாப்பாட்டு மேசையில், ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கடிக்காமல் கேட்டாள். அண்ணன் வீட்டில் இரண்டு பாட்டில்கள் உண்டு. விளம்பரத்தில் வரும் பெயர் கொண்டது விருந்தாளிகளுக்கு. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். மலிவு விலை சூப்பர்மார்க்கெட் தன் சொந்தப் பெயரில் விற்பது வீட்டாருக்கு. கைக்கெட்டும் தட்டில் இருக்கும். அன்று நான் போயிருந்ததால் மேல்தட்டு இறங்கியிருந்தது. தன் ரொட்டியில் எது தடவப்பட்டிருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியவில்லை. தெரியாமல் சாப்பிட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

நான் சிரித்தேன். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நல்லது ஒன்று, நம்முடையது வேறொன்று என்று ஒரு குழந்தை ஏழு வயதுக்குள் படித்து முடித்திருக்கிறாள். அழவேண்டிய இடம். நானோ, ஆகா, கட்டுரைக்கு நல்ல தலைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘மலிவு விலைக் கடையின் சரக்கு பெயர்பெற்ற நிறுவனத்தின் சரக்குக்கு ஈடாகுமா என்பது எல்லாக் குடும்பங்களும் மாதந்தோறும்’

[விட்டுவிட்டேன். இது கட்டுரை. இதை ஒருமுறை எழுதி முடித்துவிட்டேன். வினையே அதுதான்.]

தொடக்கம் இரண்டு: ‘அண்ணியின் கட்டைவிரல்’

[இதையும் விட்டுவிட்டேன். காரணத்தை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.]

தொடக்கம் மூன்று: அப்போது நான் ஒரு வார இதழில் வீட்டுச் செலவைப் பற்றிப் பத்தி எழுதிவந்தேன். எது ஒசத்தி என்று சோதித்துப் பார்க்க, இரண்டு பாட்டில்களையும் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தேன். மூடியில் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதினேன். அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அண்ணன் லாரி ஓட்டுகிறவர். போகிற ஊரெல்லாம் சாப்பிட்டுப் பழகிய நாக்கு என்று அவருக்குப் பெருமை உண்டு.

“எனக்கு எதுக்குடா பரீட்சை? நாக்குல வெச்ச உடனே சொல்லிடுவேன்.”

ஒன்றாம் எண்ணைச் சுவைத்தார். “இது சர்க்கரைத் தண்ணி.” இரண்டாம் எண்ணைச் சுவைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். “இதுதான் ஒரிஜினல். பழம் பேசுது பாரு.”

இரண்டுதான் மலிவு ஜாம்.

“நீ மாத்தி எழுதிட்ட.”

“இல்லண்ணா.”

“அப்ப கம்பெனிக்காரன் மாத்தி ஊத்திட்டான்.”

சமையலறையிலிருந்து அண்ணி சொன்னார்: “மாத்தியெல்லாம் ஊத்தல. ரெண்டும் ஒரே அண்டாதான். எங்க கம்பெனிதான். மூடி பார்த்து அனுப்பினது நான்.”

இது நன்றாக இருக்கிறது. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அண்ணி அப்போது பதினோரு வருடமாக அந்த ஜாம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார்.

“காலைல பத்தரை வரைக்கும் பெரிய லேபிள் ஓடும். டீ குடிச்சிட்டு வந்தா லேபிள் ரோலை மாத்திடுவாங்க. அதே பழம், அதே கொதி, அதே நான். லேபிள்தான் வேற.”

“கேட்டுக்கண்ணா.”

“நான் என்னத்தக் கேக்கறது? இவ இத்தனை வருஷமா எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நீங்க மேல்தட்டு ஜாமை அவ்ளோ ஆசையா சாப்பிடுவீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்,” என்றார் அண்ணி.

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆனா சாஸ் அப்படி இல்ல தம்பி. பெரிய லேபிள் சாஸ்ல தக்காளி கூட. மலிவு சாஸ்ல மாவும் தண்ணியும் கூட. கண்ணால பார்க்கிறேன். ஜாமைப் பத்தி எழுதினா சாஸையும் சேர்த்து எழுதுங்க. பாதி உண்மை வேணாம். என்னைப் பத்தி எழுதவே வேணாம்.”

(அடிக்குறிப்பு போல ஒன்று: சாஸை நான் எழுதவில்லை. மலிவுச் சரக்கு எல்லா வகையிலும் ஈடாகும் என்று அடித்துச் சொன்னால்தான் கட்டுரை முடிகிற இடத்தில் கைதட்டல் கிடைக்கும். சாஸ் குறுக்கே வந்தது. கேட்கிறவர்களுக்காக இப்போது சொல்லிவிடுகிறேன்: சிலது ஈடாகும், சிலது ஆகாது. வீட்டுக்கு வாங்கிப் போய்ப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். இவ்வளவுதான் உண்மை. கைதட்ட இதில் ஒன்றுமில்லை.)

4

அண்ணியை ஒரு பாத்திரமாக எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நல்லவர்களைப் பற்றி எழுதுவது எனக்குப் பழக்கம்தான். எழுத உட்காரும்முன் ஒரு நிமிடம் கண்ணை மூடி, இந்தக் கை யாரையும் காயப்படுத்தாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறவன் நான். அந்தக் கட்டுரைக்கு முன்பும் வேண்டிக்கொண்டேன். கடவுள் கேட்டிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

அவருடைய வேலை இது. நிரப்பி மூடிய பாட்டில்கள் வரிசையாக வரும். அண்ணி ஒவ்வொரு மூடியின் நடுவிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மூடி அமுங்கி எழுந்தால் உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது; எடுத்து ஓரமாக வைப்பார். அமுங்காவிட்டால் நல்லது, போகவிடுவார். போகவிடும்போது, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையிடம் சொல்வதுபோல, ஒவ்வொரு பாட்டிலிடமும் மெல்ல ஒரு வார்த்தை சொல்வார். பெரிய லேபிளுக்கும் அதே வார்த்தை, மலிவு லேபிளுக்கும் அதே வார்த்தை. யாருக்கும் கேட்கவேண்டும் என்று சொன்னதில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. வீட்டில் ஒருநாள், தன்னையறியாமல் புது பாட்டிலை மேசையில் வைக்கும்போது சொன்னார். எனக்கும் கேட்டது.

அந்த வார்த்தை இதுதான்: [                    ]

மறந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். அதை ஒருமுறை அச்சில் கொடுத்துவிட்டேன். மறுபடி கொடுக்கமாட்டேன். இந்தக் கதையின் மிக அழகான இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.

கட்டுரையில் நான் எச்சரிக்கையாகத்தான் இருந்தேன். அண்ணியை ஆணாக மாற்றினேன். வயதைக் கூட்டினேன். தொழிற்சாலையை வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை. அதைவிட நல்லதாக என் கையில் எதுவும் இல்லை.

இதழாசிரியர் போன் செய்தார். “சார், மத்ததெல்லாம் நீங்க எழுதினது. அந்த ஒரு வரி கடவுள் எழுதினது.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பயந்திருக்கவேண்டும்.

5

வேலைக்குச் சேரும்போது அண்ணி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எந்தெந்த லேபிள் அங்கே ஒட்டப்படுகிறது என்பதை வெளியில் சொல்லக்கூடாது. எனக்கு அது தெரியாது. [தெரியாது என்பது சரி. கேட்கவில்லை என்பது அதைவிடச் சரி.]

மேலாளரின் மனைவி அந்த இதழை வாங்குகிறவர். வரி பிடித்துப்போய்க் கணவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் மேலாளர் வரிசையின் முனையில், அண்ணிக்குப் பின்னால், பத்துப் பாட்டில் கடக்கும் நேரம் நின்று கேட்டார்.

“இது நீங்கதானே?”

“ஆமா சார்.”

அவ்வளவுதான். பதினோரு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முடிந்தது.

மறுநாள் அவர்கள் வீட்டு மாடிப்படியில் வைத்து அண்ணி எனக்கு இதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

“இல்லன்னு சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“அவர் கேட்டது என் வார்த்தைய தம்பி. அதைப் போய் என்னுது இல்லன்னு எப்படிச் சொல்ல?”

“அண்ணன்கிட்ட நான் சொல்லிடறேன்.”

“வேணாம். அவர் கோவம் உங்களுக்குத் தெரியாததா? ஒருதரம் பேச்சை நிறுத்தினா நிறுத்தினதுதான். உங்க ரெண்டு பேருக்கும் வேற யாரு இருக்கா? முட்டி வலின்னு சொல்லிக்கிறேன். முட்டி வலி யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?”

நான் வெகுநேரம் மறுத்துப் பார்த்தேன்.

[மேலே உள்ள வாக்கியத்தை அடிக்கவேண்டும். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், பார்ப்பதற்கு வருத்தம்போல இருக்கும்படி.]

6

மூன்று வருடம் ஆகிறது.

மாதம் ஒருமுறையாவது அங்கே சாப்பிடப் போகிறேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு நொண்டியபடி வருவார். அண்ணன் ஆரம்பிப்பார்.

“பாருடா, எங்க வீட்டு மகாராணி நடை. பதினோரு வருஷம் நின்ன காலு, சொல்லாம கொள்ளாம ஒரு வெள்ளிக்கிழமை உக்காந்துக்கிச்சு.”

“வயசாகுதுல்ல,” என்பார் அண்ணி.

“எனக்கும்தான் வயசாகுது. நான் லாரிய நிறுத்திட்டேனா?”

அண்ணன் மகளுக்கு இப்போது பத்து வயது. அப்பா பேச்சுக்குத் தாளம் போடுகிற வயது. “எங்க மிஸ்ஸும்தான் நாள் பூரா நிக்கிறாங்க. அவங்க என்ன வீட்லயா உக்காந்துட்டாங்க?”

அண்ணி சிரித்துக்கொண்டே அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைப்பார். நான் தண்ணீர் கேட்பேன். அந்த மேசையில் மூன்று வருடமாக நான் பேசிய மிக நீளமான வாக்கியம், “கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணி.”

முட்டி வலி என்று சொன்னதால் நிற்கிற வேலை எதற்கும் அண்ணியால் போகமுடியவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மருந்துக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி மடித்துத் தருகிறார்.

போன வாரம் அவர்கள் தெருவில் நான் திரும்பியபோது பள்ளிக்கூட வேன் கிளம்பிவிட்டிருந்தது. மகள் மறந்துபோன சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணி ஓடினார். நாலு விளக்குக் கம்பம் தூரம். மெதுவான ஓட்டமல்ல, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம். எட்டிப் பிடித்து ஜன்னல் வழியே பையைக் கொடுத்தார். திரும்பினார். தெருமுனையில் ஒரு லாரி வளைந்து வந்தது. பார்த்த அந்த நொடியில் அண்ணிக்கு வலது கால் இழுத்தது.

லாரி அண்ணனுடையது அல்ல. கடந்து போய்விட்டது. தெருவில் வேறு யாரும் இல்லை. என்னை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் வாசல் வரை அண்ணி நொண்டிக்கொண்டே போனார்.

நான் உள்ளே போகாமல் திரும்பி வந்து இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

7

எல்லோரும் முடிவு கேட்பார்கள். கைவசம் மூன்று இருக்கிறது.

முடிவு அ: சாப்பாட்டு மேசையில் நான் எழுந்து நிற்கிறேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். மகள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். அண்ணன் கண்ணைத் துடைக்கிறார்.

[சிறு சிறு அன்புகள் உலகைத் தாங்குகின்றன என்று நம்புகிறவன் நான்; இப்படிப்பட்ட முடிவுகளை நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் கவனியுங்கள், இதில் மேசையின் நடுவில் நிற்பது யார்? மறுபடியும் நான்தான்.]

முடிவு ஆ: தொழிற்சாலை அண்ணியைத் திரும்ப அழைக்கிறது.

[அழைக்காது. மூடி பார்க்க இப்போது ஒரு கருவி வைத்துவிட்டார்கள் என்று கேள்வி. அது எதுவும் சொல்லாது.]

முடிவு இ: இந்தக் கதை அச்சாகிறது. அண்ணன் தற்செயலாகப் படிக்கிறார். எல்லாம் விளங்கிவிடுகிறது.

[அண்ணன் என் எழுத்து எதையும் படித்தவரல்ல. அது எனக்கு நன்றாகத் தெரியும். கேட்கவேண்டியவர் காதுக்கு எட்டாத இடத்தில் உரக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளலாம் என்று இந்தக் கதையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஏழாம் பகுதிக்கு வந்த பிறகுதான் இது எனக்கே தெரிகிறது.]

அண்ணி சொல்லவேண்டாம் என்றார். உண்மைதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் மூன்று வருடம் நான் வசதியாகக் குடியிருந்தேன். அண்ணன் பேச்சை நிறுத்தினால் நஷ்டம் எனக்கு. நிறுத்தாமலிருப்பதற்கான நஷ்டத்தை யார் சுமக்கிறார் என்பதைத் தெருவில் பார்த்துவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அண்ணியும் மகளும் பள்ளிக்கூடத்துக்குச் செருப்பு வாங்கப் போயிருக்கிறார்கள். அண்ணன் லாரி நிறுத்துமிடத்தில் தனியாக வண்டி கழுவிக்கொண்டிருப்பார். பேனாவை மூடிவிட்டுப் போகிறேன்.

நீங்கள் வரவேண்டாம்.

8

வந்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். அங்கே அண்ணனும் நானும் மட்டும்தான் இருந்தோம். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசி முடிக்கும்வரை அவர் அதை மூடவில்லை.

பிறகு நடந்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டே வேண்டுகோள். அண்ணனை அழவைக்காதீர்கள், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. என்னை நல்லவனாக ஆக்காதீர்கள். மூன்று வருடம் தாமதம். எனக்கும் அவருக்கும் இனிப் பேச்சு உண்டா இல்லையா என்பதையும் உங்களுக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்ளுங்கள். அது இந்தக் கதைக்கு முக்கியமில்லை.

கடைசியில் அண்ணன் ஒரே ஒரு வரி சொன்னார். என்னைப் பற்றியல்ல, அண்ணியைப் பற்றி. அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. கேட்டதுமே, இதுதான் முடிவு, இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

கையை எடுத்துவிட்டேன்.

அந்த வரி அண்ணிக்குப் போய்ச் சேரவேண்டியது. அண்ணன் அதை அவரிடம் சொல்வாரா, தெரியாது. நான் சொல்லமாட்டேன். உங்களிடமும்.