கேட்காமல் அச்சடித்த பெயர்

ஞானஸ்நான அழைப்பிதழில், ஞானத்தாய் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. நிமியா கார்தோசோ. எழுத்துப் பிழைகூட இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

அதைக் கொண்டுவந்து நீட்டியவர் தியோலிந்தா அம்மா. என்னிடம் சிகிச்சைக்கு வரும் எலாதியோவின் மனைவி. அழைப்பிதழோடு ஒரு துணிப்பையும் இருந்தது. அதற்குள் சூடு ஆறாத சிப்பா ரொட்டி. பேரனின் ஞானஸ்நானம் அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு, வெள்ளை உடுத்த வேண்டாம், வேறு எந்த நிறமும் சரி என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே மையத்து மாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

வில்லாரிக்காவில் உள்ள இந்த மறுவாழ்வு மையத்தில் பதினோரு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள் எல்லாரும் இங்கே வந்து நிற்கவும் நடக்கவும் பட்டன் போடவும் மறுபடி கற்றுக்கொள்வார்கள். எங்கள் அறைச் சுவரில் விதிகள் ஒட்டியிருக்கின்றன. நோயாளியிடம் அன்பளிப்பு வாங்கக் கூடாது. சொந்த நம்பர் தரக் கூடாது. அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகக் கூடாது. நூறு கிலோ ஆளைத் தூக்கி நிறுத்திவிடலாம், இந்த ஊரில் அந்த மூன்று வரியைக் காப்பாற்ற முடியாது. சந்தையில் தக்காளி விற்பவள் ஏதோ ஒரு நோயாளியின் நாத்தனாராக இருப்பாள். காத்திருக்கும் இடத்தில் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டே இருக்கும், எல்லாருக்கும் ஒரே குழல், வேண்டாம் என்றால் முகத்தில் அடித்த மாதிரி. எனக்கு வயிற்றுப்புண் என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். பதினோரு வருடமாக ஆறாத வயிற்றுப்புண். அதற்கும் ஆளாளுக்கு மூலிகை கொண்டுவருகிறார்கள்.

எலாதியோ விஷயத்தில் முதல் தப்பு என்னுடையது. அதை மறைக்கப் போவதில்லை.

முப்பத்திரண்டு வருடம் தலைநகர் அசுன்சியோனுக்குப் பஸ் ஓட்டியவர். ஜனவரியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. முதல் மூன்று வாரம் எதற்கும் அசையவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் எனக்குச் சலித்துப்போய்விட்டது. எங்கள் அப்பாவுக்கும் இதேதான் வந்தது, அவரும் இப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசிவரை கட்டிலைவிட்டு இறங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் தலை மெல்லத் திரும்பியது. அன்றைக்கு ஒரு விரலைத் தூக்கினார். நல்ல உத்தி என்று நினைத்துக்கொண்டு நானும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து தியோலிந்தா அம்மாவுக்கு நான் மகளாகிவிட்டேன்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் சித்தி மகனிடமே என் நம்பரை வாங்கியிருக்கிறார். காலை ஆறு மணிக்குக் குரல் செய்தி வரும். அவர் தூங்கினார், தூங்கவில்லை, மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார். ஒரு முறை மலச்சிக்கலைப் பற்றி மட்டும் நான்கு நிமிடம். என் கணவரை நான் ஏன் பிரிந்தேன் என்று நோயாளிகள் எல்லார் முன்னாலும் கேட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால், அன்றைய பூசை இறந்தவர்களில் யாருக்காக என்று எழுதியிருந்த பலகையில் என் அப்பா பெயர். சந்தையில் என் அம்மாவைப் பிடித்துப் பெயரைக் கேட்டு, அவரே பூசைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். அம்மா நெகிழ்ந்துபோய் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவ்வளவுக்கும் எலாதியோ தேறினாரா என்றால் அதுவும் பாதிதான். மையத்தில் வலது கையால் பட்டன் போடுவார், ஆறு படி ஏறுவார். வீட்டில் ஒன்றுமே செய்வதில்லை என்று தியோலிந்தா அம்மாவே சொல்வார். நான் மூன்று நாள் விடுப்பு எடுத்தால் மூன்று நாளும் கை மடியிலேயே கிடக்குமாம். எனக்காகத்தான் செய்கிறார், தனக்காகச் செய்யவில்லை என்று முடிவு கட்டினேன். எனக்குத் தெரிந்தவரை இதைவிட மோசமான நோயாளி கிடையாது.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு இயக்குநர் சுனில்தாவிடம் போனேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"போயேன் நிமியா. தலையில தண்ணி ஊத்தறப்போ கொழந்தையப் பிடிக்கணும், அவ்வளவுதானே? அரை மணி நேரம். எதுக்கு ஊரோட சண்டை?"

"சுவத்துல விதியை ஒட்டினதே நீங்கதான்."

"அது அமைச்சகத்துல இருந்து ஆள் வந்தா காட்டறதுக்கு."

வீட்டுக்கு வந்தால் அம்மா குழந்தைக்குச் சட்டை தைக்கத் துணி வாங்கிவைத்திருந்தாள். அழைப்பிதழ் அவளுக்கு எனக்கு முன்பே கிடைத்திருந்தது.

மறுநாள் எலாதியோ நடைப்பயிற்சிக்கான இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது நேரடியாகவே சொல்லிவிட்டேன்.

"நான் உங்க பொண்ணு இல்ல. இது என் வேலை. சம்பளம் வாங்கறேன், செய்யறேன்."

அவர் கம்பியின் கடைசிவரை நடந்துபோய், பஸ்ஸைத் திருப்புவதுபோல நிதானமாகத் திரும்பினார்.

"தெரியும் டாக்டரம்மா. பொண்ணு எனக்கு புவனோஸ் ஐரஸ்ல இருக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி அழுவா. நீங்க அழறதில்ல. அதனாலதான் இங்க வரப் பிடிக்குது."

அப்படியானால் வீட்டில் ஏன் கையைத் தூக்குவதில்லை என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக, தியோலிந்தா அம்மா உட்கார்ந்திருந்த மாமரத்தடியைப் பார்த்தார்.

"வீட்ல என் கைக்கு என்ன வேலை இருக்கு? வந்து பாருங்க, தெரியும்."

சிகிச்சையை முடித்து அனுப்புவதற்கு முன் நோயாளியின் வீட்டைப் போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. போனால் சாப்பிடாமல் விடமாட்டார்கள் என்று பயந்து ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அளவு நாடாவும் படிவமுமாகப் போனேன். குளியலறை வாசலை அளந்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து சும்மா பார்த்தேன்.

தியோலிந்தா அம்மா அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டார். இறைச்சியைத் துண்டாக்கி வாயில் ஊட்டினார். எலாதியோவின் வலது கை குவளையை நோக்கி எழும்பியது. பாதி தூரம் போவதற்குள் குவளை அவர் உதட்டில் இருந்தது. கை இறங்கியது. மூக்கைத் தொடப் போனது, கைக்குட்டை வந்துவிட்டது. நாற்பது நிமிடத்தில் ஒன்பது முறை அந்தக் கை எழும்பியதை எண்ணினேன். ஒன்பது முறையும் அது போய்ச் சேரவில்லை. இந்த மனிதரைத்தான் நான் இத்தனை நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குப் போய், இனிமேல் அவர் கையின் வேலையை நீங்கள் செய்யாதீர்கள் என்று சொன்னேன். பொண்டாட்டி செய்யாமல் யார் செய்வது என்று பொரிந்தார். கோபம் வந்தால் அவர் தாய்மொழியான குவாரானிக்கு மாறிவிடுவார். பாதியில் நிறுத்தி, துடைக்கும் துணியை நான்காக மடித்து, மறுபடி பிரித்தார்.

"மாசக் கடைசியில அனுப்பிடுவீங்க. உங்க பேப்பர்ல பாத்தேன். அப்புறம் அவரு விழுந்தா நான் யாரைக் கூப்பிடறது? தனியா எனக்குப் பயமா இருக்கு மகளே. ஞானத்தாய்னா நீ வந்துதானே ஆகணும்."

சிப்பா, பூசை, ஆறு மணிக் குரல்கள் எல்லாம் இதற்காகத்தான். என்னைக் கட்டிப்போடக் கயிறு திரித்திருக்கிறார். கோபப்பட எனக்கு முழு உரிமை இருந்தது, ஆனால் அவர் அந்தத் துணியை மறுபடி நான்காக மடிப்பதைப் பார்த்தபின் கோபம் தங்கவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் சமையலறைதான். என்னிடம் இன்னும் பதினேழு நோயாளிகள் இருந்தார்கள், அவர்களுக்கும் பெண்டாட்டிகள் இருந்தார்கள்.

"நான் வரமாட்டேன்மா," என்றேன். "ஞானத்தாயாவும் வரமாட்டேன், அவரு விழுந்தாலும் வரமாட்டேன். ஆனா விழுந்தா எப்படித் தூக்கறதுன்னு இப்பவே சொல்லித்தர்றேன்."

சீருடையோடு அந்தச் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தேன். என்னைத் தூக்குங்கள் என்றேன். பைத்தியமா என்பதுபோலப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. முதல் தடவை அக்குளைப் பிடித்து இழுத்தார், என் தோள்தான் வலித்தது. ஒருக்களித்துத் திருப்புவது, முட்டி போட வைப்பது, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அதில் கை ஊன்றச் செய்வது என்று தரையில் கிடந்தபடியே சொல்லிக்கொடுத்தேன். அவர் உயரம் என் தோள்வரைதான். மூன்றாவது தடவை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வெச்சுக்கோ தியோ," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். எலாதியோ கைத்தடியோடு நின்றிருந்தார். யாரும் கூட்டிவரவில்லை, அவரே நடந்து வந்திருந்தார்.

வியாழக்கிழமைகளில் மையத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடிப் பேசுவார்கள், அங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் வீட்டுக் கதையை ஊரார் முன்னால் பேசமாட்டேன் என்றார் தியோலிந்தா அம்மா. மூன்று வாரம் என்னோடு பேசவே இல்லை. அழைப்பிதழில் என் பெயர்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி, அவருடைய தம்பி மனைவியின் பெயரைப் பேனாவால் எழுதினார்களாம். எங்கள் அம்மாவும் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. குழந்தைச் சட்டைக்கு வாங்கிய துணி தலையணை உறையானது. நான் மாசக் கடைசியில் எலாதியோவின் சிகிச்சையை முடித்து அனுப்பினேன்.

அதன்பிறகு தியோலிந்தா அம்மா வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார். இப்போது அங்கே அதிகம் பேசுவது அவர்தான், மற்றவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை என்று என்னிடம் புகார் வருகிறது. எலாதியோ சட்டை போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகுமாம். அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் தியோலிந்தா அம்மா வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுவாராம்.

ஜூன் மாதம் எலாதியோ குளியலறையில் விழுந்துவிட்டார். தியோலிந்தா அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுத் தனியாகவே தூக்கி உட்கார வைத்திருக்கிறார். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. இது எனக்குத் தெரிந்தது பத்து நாள் கழித்து, அதுவும் கூட்டத்தை நடத்துகிற பெண் பேச்சுவாக்கில் சொல்லி. தியோலிந்தா அம்மாவிடமிருந்து போன் இல்லை, குரல் செய்தி இல்லை. அவர் விழுந்தால் என்னைக் கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தானே அவ்வளவு பாடுபட்டேன். இருந்தும் அன்று முழுக்க எரிச்சலாகவே இருந்தது. பாவம், அன்று அடுத்து வந்த நோயாளியை வழக்கத்தைவிடப் பத்து முறை அதிகமாகப் படி ஏற வைத்தேன்.